வேப்பெண்ணெயா, ஸ்பிரிட்டா, வேர்மருந்தா? மலையூர் சக்யூலன்ட்களுக்கு எது, எப்போது

ரோஜாப்பூ போல இலை அடுக்கிய எச்சிவேரியா மாதிரியான சக்யூலன்ட்களின் (நீரைச் சேமிக்கும் சதைப்பற்றுச் செடிகள்) இலையிடுக்கில் வெள்ளையாக எதையாவது கண்டதும் ஊட்டியிலும் குன்னூரிலும் முதலில் கைக்கு வருவது வேப்பெண்ணெய் பாட்டில்தான். கேட்டால், "இயற்கை மருந்துதானே, ஒண்ணும் பண்ணாது" என்பார்கள். சமவெளியில் அது பெரும்பாலும் சரியாக இருக்கலாம். கோவையில் காலையில் தெளித்தால் வெயில் ஏறுவதற்குள் செடி காய்ந்துவிடும். இங்கே ஜூலை மாதத்து மூடுபனியில் தெளித்துப் பாருங்கள். மறுநாள் மாலையிலும் இலைகளுக்கு நடுவே ஈரம் நிற்கும். பூச்சி செத்ததோ இல்லையோ, குருத்து அழுகத் தொடங்கிவிடும்.

அதனால் மலையில் இருப்பவர்கள் மருந்தின் வீரியத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும் என்பேன். செடி எவ்வளவு நேரத்தில் காயும்? பூச்சி எங்கே உட்கார்ந்திருக்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் எந்த மருந்து என்ற கேள்வி பாதி முடிந்தது.

காயும் நேரம் ஊருக்கு ஊர் மாறும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. ஊட்டிக்கு இரண்டிலும் பங்கு உண்டு. பழனி மலையில் கொடைக்கானலை அக்டோபரும் நவம்பரும் நனைக்கும். நீலகிரி மாவட்டத்துக்குள்ளேயே கூடலூர்க்காரருக்குச் சரியான மாதம் கோத்தகிரிக்காரருக்குத் தவறான மாதமாக இருக்கலாம். இதற்கு மேல் நவம்பர் கடைசியிலிருந்து ஊட்டியில் உறைபனி வேறு. சாயங்காலம் ஈரமாக விட்ட செடி காலையில் கண்ணாடி மாதிரி ஆகி, வெயில் பட்டதும் தொளதொளத்துப் போகும்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம்

வெள்ளையாக இருப்பதெல்லாம் மாவுப்பூச்சி அல்ல. எச்சிவேரியாக்கள் பலவற்றின் மேல் இயற்கையாகவே சாம்பல் பூத்தது போன்ற மெழுகுப் படலம் இருக்கும். அது இலை முழுக்கச் சீராகப் படர்ந்திருக்கும். விரல் பட்டால் ரேகை பதியும். அந்த இடத்தில் திரும்ப வராது. வெயிலில் செடி கருகாமலும், இலையில் தண்ணீர் தங்காமலும் காப்பது அந்தப் படலம்தான். அதைப் பூச்சி என்று நினைத்துத் துடைத்து எடுத்தவர்கள் உண்டு. மண்கலவையில் சேர்க்கும் பெர்லைட் என்ற லேசான வெள்ளைக்கல் துணுக்கும் அடியிலைகளில் ஒட்டிக்கொண்டு ஏமாற்றும். நகத்தால் நசுக்கினால் நொறுங்குவது பெர்லைட்.

மாவுப்பூச்சி எப்போதும் ஒதுங்கிய இடத்தைத் தேடும். இலை தண்டோடு சேரும் இடுக்கு, குருத்தின் உள்பக்கம், காய்ந்த அடியிலைகளுக்குக் கீழே. ஒரு கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் நீள்வட்ட உடல், அதில் குறுக்குக் கோடுகள், ஓரம் முழுக்கச் சிறுசிறு மெழுகு நூல்கள். பல்குச்சியால் தொட்டால் சோம்பலாக நகரும். நசுக்கினால் மஞ்சளும் ஆரஞ்சுமாகச் சாறு வரும். முட்டைகளைப் பஞ்சுப் பொதிக்குள் நூற்றுக்கணக்கில் இட்டு வைத்திருக்கும். குஞ்சுகள் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. வெளிறிய தூசி நகர்வது போலத்தான் இருக்கும்.

நசுக்கினால் குங்குமச் சிவப்பாகச் சாறு வந்தால் அது வேறு ஆள். சப்பாத்திக்கள்ளி வகைகளில் மட்டும் வரும் கொச்சினீல் பூச்சி. 1926இல் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்கு வேண்டுமென்றே கொண்டுவந்து விட்டார்கள். காடாக மண்டிக் கிடந்த சப்பாத்திக்கள்ளியை உறிஞ்சி ஒழித்தது இதுதான். ஊருக்கு நல்லது செய்த பூச்சி, உங்கள் தொட்டிக்கள்ளிக்கு எமன்.

வேர் மாவுப்பூச்சிதான் ரொம்பக் கள்ளத்தனமானது. மேலே ஒன்றுமே தெரியாது. தண்ணீர் விட்டும் செடி சுருங்கியே நிற்கும், வளர்ச்சி நின்றுவிடும், அவ்வளவுதான். தொட்டியிலிருந்து உருவிப் பார்த்தால் தொட்டியின் உட்சுவரிலும் வேர்களிலும் நீலம் கலந்த வெள்ளைப் பொடி திட்டுத் திட்டாக அப்பியிருக்கும். அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உருண்டு ஓடும். உள்ளே நொய்யரிசி அளவுக்கும் குறைவான வெள்ளைப் பூச்சிகள். சாதாரணப் பூஞ்சணம் என்றால் நூல் நூலாக மண்ணுக்குள் ஓடும், பூச்சி இருக்காது.

செதில் பூச்சி அசையாது. தண்டிலும் கள்ளியின் விளிம்பிலும் பழுப்பு, வெள்ளை மச்சமாக ஒட்டிக்கிடக்கும். நகம் கொடுத்தால் பெயர்ந்து வரும். தழும்பு என்றால் பெயராது. இதிலும் இரண்டு சாதி. ஒன்று மெத்தென்று இருக்கும், தேன்போலப் பிசுபிசுப்பைக் கழிக்கும், அதைத் தேடி எறும்பு வரும், பிசுபிசுப்பில் கரும்பூஞ்சணம் படியும். இன்னொன்றுக்குத் தனியாகக் கழன்று வரும் ஓடு உண்டு, பிசுபிசுப்பு கிடையாது. இந்த வேறுபாடு மருந்து வாங்கும்போது உங்களுக்குத் தேவைப்படும்.

செஞ்சிலந்தியைத் தேயிலைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எட்டுக்கால் கொண்டது, பூச்சி இனமே அல்ல. ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான வறட்சியில், கண்ணாடி வராந்தாவுக்குள் வைத்த செடிகளில் வரும். கள்ளியின் உச்சியில் தொடங்கி, பச்சை மறைந்து காய்ந்த மரப்பட்டை நிறத்தில் தழும்பு இறங்கும். வெள்ளைத் தாளின் மேல் செடியைத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நகர்ந்தால், விரலால் தேய்க்கும்போது செம்பழுப்புக் கோடு விழுந்தால் சந்தேகமே வேண்டாம்.

அசுவினி பெரும்பாலும் பூந்தண்டில்தான் கூட்டமாக வரும். தண்டை வெட்டி எறிந்துவிடலாம், அதற்கு மருந்து செலவழிக்கத் தேவையில்லை. மண்ணைச் சுற்றிப் பறக்கும் சின்னக் கறுப்பு ஈ, மண் ஈரமாகவே இருக்கிறது என்பதற்குச் சாட்சி; தென்னை நார்த்தூளைக் குறைத்து மணலைக் கூட்டினால் போய்விடும். மழைக்காலத்தில் இலையில் ஓட்டை விழுந்தால் இரவு டார்ச் அடித்து நத்தையைப் பொறுக்குங்கள்.

ஸ்பிரிட்டும் பட்ஸும்

மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டைத்தான் மலையில் முதல் மருந்தாக வைப்பேன். ஒரே காரணம், அது தானாகவே பறந்துபோகும். மூடுபனி நாளிலும் கொஞ்ச நேரத்தில் இலையிடுக்கு காய்ந்துவிடும். மாவுப்பூச்சியின் மெழுகைக் கரைத்து உள்ளே இறங்குவதால் தொட்ட இடத்திலேயே பூச்சி வெள்ளை இழந்து பழுப்பாவதைக் கண்ணால் பார்க்கலாம்.

காது பட்ஸை நனைத்து ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். குருத்துக்குள் பட்ஸ் நுழையாது. அதற்கு மெல்லிய பெயின்ட் பிரஷ் நல்லது. மெல்லிய இலைச் செடிகளுக்குப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். எதுவானாலும் ஓர் இலையில் போட்டு இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றதில் கை வையுங்கள். வெயிலில் செய்யாதீர்கள், சூடம் ஏற்றும் இடத்துக்குப் பக்கத்திலும் செய்யாதீர்கள். கொரோனா காலத்து சானிடைசர் பாட்டில் வீட்டில் மிச்சம் இருக்கிறது என்று அதை எடுக்க வேண்டாம். ஜெல்லும் கிளிசரினும் இலையில் பசையாக நிற்கும்.

குறை என்ன? பொறுமை வேண்டும். ஒருமுறை தொட்டதோடு முடியாது, பொதிக்குள் இருக்கும் முட்டைகள் தப்பிக்கும். வாரம் ஒருமுறை என்று குறைந்தது ஒரு மாதம். குளிர்காலத்தில் இன்னும் நீளும், ஏனென்றால் குளிரில் முட்டை பொரிப்பதும் தாமதமாகும். பூச்சியைக் காணோம் என்று நிறுத்திவிட்டால், மார்ச் வெயிலில் மறுபடியும் கூட்டம் கூடும். பத்து, இருபது தொட்டி வைத்திருப்பவருக்கு இது சரியான வழி. நர்சரி வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகாது. மண்ணுக்குள் இருக்கும் பூச்சிக்கும் இது எட்டாது. மெழுகுப் படலம் உள்ள எச்சிவேரியாவில் தொட்ட இடம் தழும்பாகத் தெரியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் இதில் தழும்பு புள்ளியளவோடு நிற்கும். எண்ணெய் தெளித்தால் செடி முழுக்கப் படலம் போய்விடும்.

வேப்பெண்ணெய்

வேப்பெண்ணெய் கெட்டது என்று சொல்ல வரவில்லை. பூச்சியின் மூச்சுத்துளையை அடைக்கும், அதிலுள்ள அசாடிராக்டின் என்ற வேதிப்பொருள் குஞ்சுகள் தோலுரித்து வளர்வதைக் கெடுக்கும். தண்டு, கள்ளியின் உடல், செதில் பூச்சி, செஞ்சிலந்தி என்று வெளியே இருக்கும் சமாச்சாரங்களுக்கு நன்றாகவே வேலை செய்யும். இடமும் காலமும் சரியாக இருக்க வேண்டும்.

ஊட்டிக் குளிரில் அது முதலில் பாட்டிலைவிட்டே வராது, உறைந்து நிற்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை நிறுத்தி இளக்க வேண்டும். கொதிநீரில் வைத்தால் அசாடிராக்டின் வீணாகும். அப்புறம் அளவு. பயிர்களுக்குச் சொல்லும் 3 சதவீதக் கணக்கு லிட்டருக்கு 30 மி.லி. ஆகிறது, அதை அப்படியே சக்யூலன்டுக்குக் கொண்டுவருவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. இந்தச் செடிகளுக்கு லிட்டருக்கு 5 மி.லி. போதும். முதலில் காதி சோப்புக் கரைசல் கொஞ்சம் எடுத்து அதில் எண்ணெயைக் குழைத்துக்கொண்டு பிறகு தண்ணீர் ஊற்ற வேண்டும். சோப்பு சேராவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும். பாட்டிலில் கடைசியாக மிஞ்சுவது வெறும் எண்ணெய், அது பட்ட செடி கருகும். ஜேட் செடிக்கு எண்ணெயும் சோப்பும் அவ்வளவாக ஒத்துக்கொள்வதில்லை. அதற்கு ஸ்பிரிட்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

காலம் என்றால் பிப்ரவரி முதல் மே வரை, மேகமில்லாத நாளின் காலை, ஆனால் நேர் வெயில் படாத இடம். தெளித்தபின் ரோஜாப்பூ அமைப்புள்ள செடிகளை ஒருக்களித்துச் சாய்த்து நீரை வடியவிடுங்கள். நடுவில் நிற்கும் சொட்டை டிஷ்யூவைத் திரித்து உறிஞ்சி எடுக்கலாம். பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அந்த வேலையை ஆசையாகச் செய்வார்கள்.

மழைமாதத்தில்தான் பூச்சி வந்தது, எண்ணெயும் கையில் இருக்கிறது என்றால்? தெளிக்காதீர்கள். அதே கரைசலைப் பிரஷால் தொட்டு வையுங்கள், அல்லது ஸ்பிரிட்டுக்கு வாருங்கள்.

வேர் வழியாகப் போகும் மருந்து

உழவு மருந்துக்கடைக்குப் போய் மாவுப்பூச்சி என்றால் இமிடாகுளோபிரிட்தான் தருவார்கள். கான்ஃபிடர் என்ற பெயரில் எல்லாருக்கும் தெரிந்தது. "கேரட்டுக்கு, கோசுக்கு அடிக்கிறதுதாங்கக்கா, இதையே அடிங்க" என்று அளவும் வாய்வார்த்தையாகவே வரும். 17.8 சதவீதத் திரவம் என்றால் லிட்டருக்கு 0.3 மி.லி.தான். பாட்டில் மூடியால் அதை அளக்க முடியாது, 1 மி.லி. சிரிஞ்சு ஒன்று வாங்கி அதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். கையுறை கட்டாயம்.

மண்ணில் ஊற்றினால் வேர் உறிஞ்சி, சாறோடு செடி முழுக்கக் கொண்டுபோகும். சாறு குடிக்கும் மாவுப்பூச்சியும் மெத்தென்ற செதில் பூச்சியும் எந்த இடுக்கில் இருந்தாலும் சாகும். இலை நனையத் தேவையில்லை. கேட்பதற்கு மலைக்கு ஏற்ற மருந்தாகவே தோன்றும்.

செடி தண்ணீர் குடித்தால்தான் மருந்து மேலே ஏறும் என்பதுதான் சிக்கல். டிசம்பர், ஜனவரி குளிரில் பல சக்யூலன்ட்கள் ஏறக்குறைய தூங்கும். நாமும் தண்ணீரைக் குறைத்திருப்போம். அப்போது ஊற்றினால் மருந்து மண்ணிலேயே கிடக்கும், கூடவே குளிர்ந்த ஈரமண்ணில் வேர் அழுகும். மூடுபனி மாதங்களிலும் இதே கதை. ஆக, இதற்கும் வாய்ப்பான காலம் வெயிலும் வளர்ச்சியும் உள்ள பிப்ரவரி முதல் மே வரைதான்.

ஓடு உள்ள செதில் பூச்சிக்கு இது சரிவரக் கேட்காது. அது சாற்றுக்குழாயில் குடிப்பதில்லை, சுற்றியுள்ள செல்களைக் குத்தி உறிஞ்சுகிறது. அதைப் பழைய டூத் பிரஷால் தேய்த்து எடுத்துவிட்டு எண்ணெய் தொடுவதே மேல். செஞ்சிலந்திக்கோ இது மருந்தே இல்லை. சொல்லப்போனால் இமிடாகுளோபிரிட் போட்ட செடிகளில் செஞ்சிலந்தி பெருகுவது பல பயிர்களில் பார்க்கப்பட்ட விஷயம். சிலந்திக்கு நனையும் கந்தகத் தூள் (wettable sulphur), லிட்டருக்கு 2 கிராம், அதுவும் வெயில் மாதத்தில். எண்ணெய் தெளித்து மூன்று வாரமாவது ஆகாமல் கந்தகத்தைத் தொடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் இலை வெந்துவிடும். அதே கடையில் மாலத்தியான் கொடுத்தால் வாங்க வேண்டாம். ஜேட், எச்சிவேரியா, கலாஞ்சோ எல்லாம் சேர்ந்த குடும்பத்துக்கு அது ஆகாது.

இன்னும் இரண்டு காரணங்களுக்காக வேர்மருந்தை எனக்குத் தள்ளியே வைக்கத் தோன்றுகிறது. ஒன்று தேனீ. சாறு பூவுக்கும் போகும், தேனுக்கும் போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் திறந்தவெளியில் இதைப் பயன்படுத்தத் தடை போட்டதே தேனீக்களுக்காகத்தான். மலைத்தேன் எடுத்துப் பிழைக்கும் மக்கள் உள்ள மலை இது. ஊற்றுவதென்றால் பூந்தண்டுகளை வெட்டிவிட்டு ஊற்றுங்கள். மற்றொன்று கற்றாழையும் ரணகள்ளியும். ஒன்றை முகத்துக்கும் தலைக்கும் தடவுகிறோம், மற்றதை இலை பறித்து மெல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டு செடிகள் உள்ள தொட்டியில் இந்த மருந்து ஒருபோதும் போகக்கூடாது. பக்கத்துத் தொட்டிக்கு ஊற்றினால்கூட, வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

அப்படியானால் எப்போதுதான் எடுப்பது? வேர் மாவுப்பூச்சி நிறையத் தொட்டிகளில் பரவி, எல்லாவற்றையும் உருவிக் கழுவ முடியாத நிலை வரும்போது. அந்த ஓர் இடத்தில் இதை மிஞ்சும் எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

பொறிவண்டு

இயற்கை வழி என்று பேசும்போது கிரிப்டோலேமஸ் பொறிவண்டு வந்துவிடும். 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள், காபிச் செடியின் செதில் பூச்சிக்காக. மாவுப்பூச்சியைத் தின்பதில் கில்லாடி. நீலகிரிக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. 1928இல் இங்கே சீகை (வாட்டில்) மரங்களைப் பிடித்த ஒரு பஞ்சுச் செதில் பூச்சியை, பிறகு வரவழைத்த ரோடோலியா என்ற இன்னொரு பொறிவண்டு அடக்கியது.

அதைச் சொல்லி ஜன்னலோரத் தொட்டிக்குப் பொறிவண்டு வாங்கலாமா என்றால், வேண்டாம். சீகைக் காட்டில் வண்டுக்கு வருடம் முழுக்கத் தின்ன இருந்தது. உங்கள் ஜன்னலில் ஒரு வாரத் தீனிகூட இருக்காது, தின்றதும் பறந்துவிடும். கிரிப்டோலேமஸுக்குக் கதகதப்பு வேண்டும், 16 டிகிரிக்குக் கீழே போனால் மந்தமாகிவிடும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வருடத்தில் பல மாதங்கள் அதைவிடக் குளிரில்தான் கழிகின்றன. மேட்டுப்பாளையம், வத்தலக்குண்டு பக்கம் பசுமைக்குடில் வைத்திருப்பவருக்கு வேண்டுமானால் பொருந்தும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். அதன் புழுவும் மெழுகு நூல் போர்த்தி, பெரிய மாவுப்பூச்சி போலவே இருக்கும். ஆனால் மாவுப்பூச்சியைவிட இரண்டு மூன்று மடங்கு பெரியது, தொட்டால் விறுவிறுவென்று ஓடும். தானாக வந்த அப்படி ஒன்றைக் கண்டால் ஸ்பிரிட் பட்ஸைக் கீழே வையுங்கள்.

வெட்டி நடுவது

மருந்துக் கடையும் வேண்டாம், தெளிப்பானும் வேண்டாம் என்ற வழி இது. பலர் இதைத் தோல்வியாக நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. எச்சிவேரியாவின் தலையைக் கத்தியால் வெட்டி, அடியிலைகளை உருவி, ஸ்பிரிட்டால் இடுக்குகளைத் துடைத்து, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும் வரை காற்றோட்டமாக வைத்துப் புது மண்ணில் நட்டால், வேர் மாவுப்பூச்சியும் அடித்தண்டுக் கூட்டமும் ஒரே வெட்டில் போய்விடும். சமவெளியில் வெட்டுவாய் நாலைந்து நாளில் காயும். இங்கே மழைமாதத்தில் இரண்டு வாரம்கூட ஆகலாம், ஈரத்தில் பூஞ்சணமும் பிடிக்கலாம். முடிந்தால் வெயில் காலத்துக்குத் தள்ளிப்போடுங்கள். தள்ள முடியாதென்றால் சமையலறையில், அடுப்புக் கதகதப்பு எட்டும் அலமாரியில் வையுங்கள்.

உருண்டைக் கள்ளிக்கும், சிறு கற்றாழை போன்ற ஹவோர்த்தியாவுக்கும் இது அவ்வளவாகப் பொருந்தாது. அவற்றை உருவி, பழைய மண் முழுவதையும் உதறி, வேரைக் குழாயடியில் கழுவி, சில நாள் வெறும் வேரோடு நிழலில் காயவைத்து நடலாம். கண்ணாடி வராந்தாவில் வைத்தால் மழைநாளிலும் காய்ந்துவிடும். மாவுப்பூச்சிக்குப் பிடித்த இடமும் அதே வராந்தாதான் என்பதால் மற்ற தொட்டிகளிலிருந்து எட்டியே வையுங்கள்.

சீசனில் மலர்க்கண்காட்சிக்கு வந்தவர்கள் மட்டுமல்ல, நாமும்தான் சாலையோரக் கடைகளில் கையகலத் தொட்டிகளை வாங்கி வருகிறோம். பெரும்பாலான பூச்சிகள் வீட்டுக்குள் வருவது அந்தத் தொட்டிகளில்தான். வாங்கிய அன்றே தொட்டியிலிருந்து உருவி வேரைப் பார்த்துவிடுங்கள். ஒரு மாதம் தனி ஜன்னலில் இருக்கட்டும். செடியை நோக்கி எறும்புச் சாரை தெரிந்தால் பிசுபிசுப்பைத் தேடித்தான் வருகிறது. மாவுப்பூச்சியை எதிரிகளிடமிருந்து காப்பதும் அதே எறும்புதான். ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்திவிட்டால் சாரை அறுபடும்.

பூச்சி பிடித்த மண்ணை என்ன செய்வது என்பது மிச்சம். கறுப்பு பாலித்தீனில் கட்டி வெயிலில் போடும் வழி நம் மலைவெயிலில் அவ்வளவாகப் பலிக்காது, மண் அந்த அளவுக்குச் சுடாது. பெரிய பழைய பாத்திரத்தில் மண்ணைக் கொட்டி, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஊற்றி மூடி வையுங்கள். ஆறியதும் பூச்செடிப் பாத்தியில் கொட்டலாம், சக்யூலன்ட் தொட்டிக்குத் திரும்ப வேண்டாம். வேர்மருந்து ஊற்றிய மண் என்றால் பூப்பாத்திக்கும் போகக்கூடாது. மண்தொட்டியையும் அதே கொதிநீரில் முக்கி எடுங்கள். பிளாஸ்டிக் தொட்டி நெளிந்துவிடும், அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்து ஸ்பிரிட்டால் துடைத்தால் போதும்.